வெங்காயச் சருகு நிறத்தின் வரலாறு

வீட்டுக்குள் இருக்கும்வரை பெனிஷாவின் வாய் ஓயாது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒரு கதை, அப்பா செருப்பு மாட்டுவதற்குள் இன்னொரு கதை என்று சொல்லித் தீர்ப்பாள். வாசல்படியைத் தாண்டினால் போதும், உதட்டைத் தைத்து வைத்ததுபோல ஆகிவிடும். கடைக்காரர் மிட்டாயை நீட்டிப் பேர் கேட்டாலும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் கன்னத்தைத் தட்டிக் கேட்டாலும் பதில் இல்லை. ஆவடியில் ஒரு டாக்டரம்மா தொண்டையையும் காதையும் பார்த்துவிட்டு, "குறை ஒண்ணும் இல்ல. வெளியாளைக் கண்டா பயம். பழகின பிள்ளை யாராவது படிக்கிற ஸ்கூல்ல சேருங்க, மெதுவா வந்துடும்" என்று சொல்லி அனுப்பினார்.

பழகின பிள்ளை என்று பெனிஷாவுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒருத்திதான், மாடி வீட்டுப் பவித்ரா. அவள் காதோடு மட்டும் பெனிஷா குசுகுசுப்பாள். அவள் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டால் தெருக்கோடி வரைக்கும்கூடப் போவாள். அந்தப் பவித்ராவுக்குச் சுடர்மதி மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் கிடைத்துவிட்டது. ஆகவே பெனிஷாவுக்கும் அங்கேதான் கிடைத்தாக வேண்டும். அவள் அப்பா பாஸ்கல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறவன். அவனுக்கு வேறு எந்தப் பேராசையும் இல்லை.

ஆவடிக்கும் திருமுல்லைவாயலுக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பள்ளி. ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு அலுவலகத்தில் போய் நின்றான். சேர்க்கைப் பொறுப்பைப் பார்க்கும் வரலட்சுமி மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"குழந்தையை இட்டுகினு வரணுமா மேடம்? அது வந்து, கொஞ்சம் பேசாது" என்று இழுத்தான் பாஸ்கல்.

"குழந்தை எதுக்கு சார்? அதுக்கு என்ன தெரியும்? இங்க தேர்வு பெற்றோருக்குத்தான்."

பாஸ்கலுக்கு மாதாவே கண் திறந்து பார்த்ததுபோல இருந்தது. அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. மேடம் மேஜையிலிருந்து ஒரு நீள அட்டையை எடுத்து விரித்தார். துணிக்கடைச் சாம்பிள்போல அதில் துண்டு துண்டாய்த் துணி ஒட்டியிருந்தது. எல்லாம் ஒரே நிறமாகத்தான் அவன் கண்ணுக்குப் பட்டது.

"இதுல நம்ம பள்ளியோட மேல்சட்டை நிறம் எது, காட்டுங்க."

ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தான். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேலே வெங்காயச் சருகு, கீழே பாசிப்பச்சை. இந்த இரண்டையும் சேர்த்து உடுத்த யாருக்குத் தோன்றியிருக்கும் என்று நினைத்தபடியே ஒரு துண்டின்மேல் விரலை வைத்தான். "இந்தா, இந்த பிங்க்கு."

வரலட்சுமி மேடம் பேனாவை மூடினார். குரலை உயர்த்தவில்லை. "சார், பிங்க்னு சொன்னவங்க யாரும் இந்தப் பள்ளிக்குள்ள வந்தது கிடையாது. வெங்காயக் கலர்னு சொன்ன ஒரு பேங்க் மேனேஜரை வெளிய அனுப்பியிருக்கோம். அது உதயவண்ணம். கீழ இருக்கிறது அமைதிவண்ணம். நீங்க நாளைக்கு வந்திருந்தா ரெண்டுக்கும் பேர் வேற."

"நாளைக்கு ஏன் மேடம் பேர் மாறும்?"

"நாளைக்கு வியாழக்கிழமை" என்றார் மேடம், அதிலேயே எல்லாம் இருக்கிறது என்பதுபோல. பிறகு மனமிரங்கி விளக்கினார். நேர்காணலில் ஒரே ஒரு கேள்விதான்: பள்ளியின் நிறங்கள் எப்படிப் பிறந்தன? "படிச்ச பெற்றோர் நிறைய வர்றாங்க சார். நிறத்தை மதிக்கிற பெற்றோர்தான் கிடைக்கிறதில்ல. போன வருஷம் ஒருத்தர் 'தெரியாதுங்க, சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்'னார். எவ்வளவு திமிர் பாருங்க."

பள்ளிக்கு எதிரே செல்போன் கடை மாடியில் 'நிற வரலாறு – பெற்றோருக்கு மட்டும்' என்று ஒரு பலகை தொங்கியது. அதை நடத்துகிறவன் ரூபஸ். ஒரு காலத்தில் இந்தியும் டைப்பும் சொல்லிக்கொடுத்தவன். இதில்தான் கூட்டம் வருகிறது என்று கண்டு அவற்றை விட்டுவிட்டான்.

"அண்ணாத்தே, மேட்டர் ஈஸி" என்று ஆரம்பித்தான். "ஸ்கூலு ஆரம்பிச்சவரு மணவாளன். பருத்திப்பட்டுல நெலம் நீச்சு வச்சிருந்த குடும்பம். அவுரு செத்துப் பூட்டாரு. ரெண்டு பசங்க. பெரியவரு பாண்டியன், தாளாளரு. சின்னவரு ஸ்ரீநாத், செயலாளரு. ரெண்டு பேருக்கும் ஆவாது. கேஸு நடந்துகினு கீது. கோர்ட்டுல இன்னா சொல்லிக்கிறாங்கோ, திங்கள் புதன் வெள்ளி பெரியவரு நிர்வாகம், செவ்வாய் வியாழன் சனி சின்னவரு நிர்வாகம். அதனால ஸ்கூலுக்கு ரெண்டு வரலாறு. ஏரி வரலாறு, டேங்க் வரலாறு."

ஏரி வரலாறு இது: மணவாளன் ஒரு விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்றார். வானம் சிவந்தும் சிவக்காமலும் இருந்தது. தண்ணீர் பாசி படர்ந்து அசையாமல் கிடந்தது. மேலே அறிவு, கீழே அமைதி என்று அவருக்கு ஒரு குரல் கேட்டது. டேங்க் வரலாறு இது: மணவாளன் ஒரு சாயங்காலம் சாலையோரம் நின்றார். ஆவடித் தொழிற்சாலையில் புதிதாகச் செய்த பீரங்கி வண்டிகள் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கீழே வீரம், மேலே அதன் புழுதி என்று அவருக்கு ஒரு குரல் கேட்டது. இரண்டிலும் குரல் பொது. அது யாருடைய குரல் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

"இதுல எது நெசம் நைனா?"

"நெசம் சிலபஸ்ல இல்ல அண்ணாத்தே. கெழமைய மட்டும் பாத்துக்க. ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டையரானவரு ஒர்த்தரு, பேரனுக்கு சீட்டு கேட்டு வந்தாரு. செவ்வாக்கெழமைல போயி ஏரின்ட்டாரு. இப்போ அந்தப் பையன் பூந்தமல்லிக்குப் போயிகினு கீறான், ரெண்டு பஸ்ஸு மாறி."

நேர்காணலுக்கு முன்னால் பெற்றோர் ஒரு காலை வழிபாட்டைப் பார்வையிட வேண்டும் என்பது விதி. பாஸ்கல் செவ்வாய்க்கிழமை போனான். பிள்ளைகள் கிழக்கே பார்த்து நின்று வலது கையால் சட்டையையும் இடது கையால் பாவாடையையோ கால்சட்டையையோ பிடித்துக்கொண்டு நிற உறுதிமொழி எடுத்தார்கள். மைதானத்து ஓரத்தில், வெயிலில், தனியாக ஒரு வரிசை நின்றது. துவைத்துத் துவைத்துச் சட்டை வெளுத்துப்போன பிள்ளைகள். அதற்கு 'வெளிறியோர் வரிசை' என்று பெயர். அந்த வரிசையில் ஒரு சின்னப் பெண் சட்டைக் காலரைக் கையால் மூடி மறைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்கல் அந்தக் கையையே பார்த்தான்.

செயலாளர் ஸ்ரீநாத் மைக்கைப் பிடித்தார். "பெற்றோர்களே, சட்டையில் சாயம் போகவிடுகிற குழந்தை நாளை கொள்கையிலும் சாயம் போகவிடும். ஆகவே சீருடையை நிழலில் மட்டும் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் துவைக்கவே வேண்டாம். நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். உள்ளே இருக்கிற புத்தகங்களின் அட்டைகள் எந்தெந்த நிறத்திலோ இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நம் வண்ணத்தில் அட்டை போட்ட பிறகு திறப்போம். அறிவியல் கூடத்தில் லிட்மஸ் தாள் நிறம் மாறுகிறது என்று புகார் வந்தது. அதையும் நிறுத்திவிட்டோம்."

கை தட்டினார்கள். பாஸ்கலும் தட்டினான். பின்னால் நின்ற யாரோ அவன் தட்டுகிறானா என்று பார்த்துக் குறித்துக்கொண்டதுபோல அவனுக்குத் தோன்றியது.

நேர்காணல் சனிக்கிழமை என்று தகவல் வந்தது. சனி என்றால் சின்னவர், சின்னவர் என்றால் டேங்க். பாஸ்கல் மெஷினில் நின்றபடி டேங்க் சொன்னான், மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்தபடி டேங்க் சொன்னான். அவன் மனைவி ஜாஸ்லின் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்பவள். வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் கேள்வி கேட்பாள்.

"மேல இன்னாங்க?"

"புழுதி."

"கீழ?"

"வீரம்."

"குரலு?"

"கேட்டுச்சு."

"யாரு குரல்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்கோ ஜாஸு. அத்தக் கேக்கக் கூடாதுன்றதுதான் ரூல்ஸு."

பெனிஷா தரையில் உட்கார்ந்து பவித்ராவுக்கு என்று இரண்டு பிஸ்கட்டை எடுத்து வைத்தாள். "நானும் பவியும் ஒரே பெஞ்சுல உக்காருவோம். மிஸ் ஏதாச்சும் கேட்டா பவி சொல்லுவா" என்று தன்பாட்டில் சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் பள்ளியின் செய்தி வந்தது. 'மார்கழி மழைக்கு விடப்பட்ட விடுமுறையை ஈடுகட்ட நாளை சனிக்கிழமை முழு வேலைநாள். புதன்கிழமைப் பாடவேளை பின்பற்றப்படும்.'

பாஸ்கல் அதை மறுபடி படித்தான். பிறகு செல்போன் கடை மாடிக்கு ஓடினான். ரூபஸ் செய்தியைப் படித்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினான். எதற்கு நிறுத்தினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"சனிக்கெழமைன்னா சின்னவரு. புதன்கெழமை டைம்டேபிள்னா பெரியவரு. ரெண்டு பேரும் இது எங்க நாளும்பாங்கோ. ரெண்டு பேரும் வந்து குந்திக்குவாங்கோ."

"அப்போ நா இன்னா சொல்றது?"

"ஏரின்னா சின்னவரு தூக்கிடுவாரு. டேங்க்னா பெரியவரு தூக்கிடுவாரு. ரெண்டும் சொன்னா ரெண்டு பேரும் சேந்து தூக்கிடுவாங்கோ."

"ஒரு வழி சொல்லு நைனா. கொயந்த விசயம்."

"உடம்பு சரியில்லன்னு சொல்லிப் போவாத இரு."

"வராதவன் பேர அடிச்சுருவாங்கன்னு அந்தம்மா சொல்லிக்கீது."

"அப்போ போ மாமே" என்றான் ரூபஸ். அண்ணாத்தே மாமேவாக மாறியதிலேயே பாஸ்கலுக்கு நிலைமை விளங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை நேர்காணல் அறைக்கு வெளியே பெஞ்சில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போன முதல் தம்பதி போன வேகத்தில் வெளியே வந்தது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள். அடுத்துப் போனவர் வெளியே வந்து, யாரிடம் என்றில்லாமல், "ஏரிக்குள்ள டேங்கு வுட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பாஸ்கல்" என்று கூப்பிட்டார் வரலட்சுமி மேடம். கதவருகே குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு யார் பக்கம் பார்த்து வணக்கம் சொல்றதுன்னு எனக்கே தெரியல சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் பாஸ்கலைப்போன்ற ஒரு மனுஷியாகத் தெரிந்தார்.

நீள மேஜை. இரண்டு நாற்காலிகள், நடுவே ஒரு முழ இடைவெளி. பெரியவர் பாண்டியன் நெற்றி நிறைய விபூதியோடு ஏரிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சின்னவர் ஸ்ரீநாத் தங்க ஃப்ரேம் கண்ணாடியோடு பீரங்கி வண்டிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பின்னால் மணவாளன் மாலை போட்ட படத்தில் இருந்தார். வேறு படம் இல்லை.

"நம் பள்ளியின் நிறங்கள் எப்படிப் பிறந்தன? நிதானமாகச் சொல்லுங்கள்" என்றார் பாண்டியன்.

"உண்மையைச் சொல்லுங்கள்" என்றார் ஸ்ரீநாத், அண்ணன் பக்கம் திரும்பாமல்.

பாஸ்கல் வாயைத் திறந்தான். ஏரி நாக்கின் ஒரு பக்கத்திலும் டேங்க் மறு பக்கத்திலும் நின்றன. அவனுக்குக் காலரை மூடிக்கொண்டு நின்ற அந்தச் சின்னக் கை ஞாபகம் வந்தது. தெரியாத பள்ளியில், தெரியாத பெஞ்சில், பாவாடை நுனி கிடைக்காமல் விரலைப் பிசைந்துகொண்டிருக்கப்போகிற இன்னொரு சின்னக் கையும் கண்ணில் வந்தது. சுவரைப் பார்த்தான். அவர்களுடைய அப்பா இருந்தார். ஏரி இருந்தது. வண்டி இருந்தது.

"அம்மா" என்றான்.

"என்ன?"

"உங்க அம்மா சார். அவங்கதான் கலரு சொன்னது."

ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதுதான் ஆபத்து என்று அவனுக்குப் பட்டது. மடமடவென்று சொன்னான். "அய்யா ஸ்கூலு ஆரம்பிக்கிறாரு. துணிக்கு இன்னா கலருன்னு ஒரே ரோசனை. ஊட்டுக்கு வராரு. அம்மா குந்தி வெங்காயம் உரிச்சுகினு கீறாங்க. பக்கத்துல மொறத்துல கீரை ஆஞ்சு வச்சிக்கீது. இன்னா கலரு போடலாம்னு அய்யா கேக்குறாரு. அவங்க வேலையை வுடாம, இந்தா சருகு, இந்தா கீரை, இத்தப் போடு, இப்போ வந்து சாப்புடுன்னாங்க. அவ்ளோதான் சார்."

பேங்க் மேனேஜர் எந்த வார்த்தைக்கு வெளியே போனார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

பாண்டியன் கண்ணைத் துடைத்தார். "எங்கம்மா வெங்காயம் உரிச்சா பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருப்பேன். நான்தான். வேற யாரும் இல்ல."

"கீரை எனக்கு" என்றார் ஸ்ரீநாத். "கீரை கடைஞ்சா அம்மா எனக்குத்தான் முதல்ல போடும். இவனுக்குக் கீரை ஆவாது. தட்டைத் தள்ளிவிடுவான்."

"யார்றா தள்ளிவிட்டது? உனக்குப் போட்டு மிச்சம் இருந்தாத்தானே நான் தள்றதுக்கு."

"வெங்காயம் வெங்காயம்ங்கிறியே, ஒரு நாளாவது ஒண்ணு உரிச்சுக் குடுத்திருக்கியா? சும்மா உக்காந்து பார்த்த."

"நீ அதுவும் பாக்கல."

கோர்ட்டில் இத்தனை வருஷமாக வக்கீல்கள் மூலமாகவே பேசிக்கொண்டவர்கள், நேருக்கு நேர் பேசினார்கள். பேச்சு கீரையிலிருந்து ஒரு பித்தளைத் தூக்குக்குப் போயிற்று. அதிலிருந்து அம்மா கடைசியாக யார் வீட்டில் சாப்பிடாமல் கிடந்தாள் என்ற இடத்துக்குப் போய் அங்கே இருவருமே வாயை மூடினார்கள். பாஸ்கல் நின்றுகொண்டே இருந்தான்.

முதலில் தேறியவர் ஸ்ரீநாத். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆவடில பேசிக்கிறாங்க சார்."

சகோதரர்கள் யோசித்தார்கள். "அப்போ வாய்மொழி வரலாறு" என்றார் பாண்டியன் மெதுவாக. "எங்களுடையதும் அப்படித்தான் கிடைத்தது" என்றார் ஸ்ரீநாத். வரலட்சுமி மேடத்தைப் பார்த்து, "பதிவு செய்யுங்கள்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன பிறகு அதற்காக ஒருவர்மேல் ஒருவர் கோபப்பட்டார்கள்.

அவனை வெளியே உட்காரச் சொன்னார்கள். மதியம் வரை உட்கார்ந்திருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட இடம் போய்விடும் என்று பயந்தான். கடைசியில் மேடம் வந்தார். "சேர்க்கை உண்டு சார். பவித்ரா செக்ஷன்லயே போட்டாச்சு. ஒரு நிபந்தனை. அந்த வரலாற்றை இனிமே நீங்க வெளிய சொல்லக் கூடாது. அதை ஒரு குழு ஆராயப்போகுது."

பாஸ்கல் வீட்டுக்கு வந்து ஜாஸ்லினிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, "இன்னாத்தங்க சொன்னீங்க, ஏரியா, டேங்கா?" என்று கேட்டாள். "ரெண்டும் இல்ல, கொயம்பு வைக்கிற விசயம்" என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. பெனிஷா பவித்ராவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனாள், பிடித்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் இன்னும் வாய் திறக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பவித்ரா காதில் சொல்வாள், பவித்ரா மிஸ்ஸிடம் சொல்வாள். பவித்ராவின் அம்மாவே இரண்டு பேரையும் அழைத்துவந்துவிடுவதால் பாஸ்கல் பள்ளிப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் பவித்ராவுக்குக் காய்ச்சல். பெனிஷாவைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போன பாஸ்கலுக்கு மெஷினில் மனம் ஒட்டவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டு மழையோடு மழையாக வந்து வாசலில் நின்றான். வாட்ச்மேன் சின்னப்பையன், பேர்தான் அப்படி, அறுபதைத் தாண்டிய மனிதர், குறுக்கே கழியை நீட்டினார்.

"வரலாறு சொல்லு."

"இன்னா வரலாறு?"

"ஸ்கூலு கலரு வரலாறு. சொன்னாத்தான் கொயந்தைய வுடுவேன். அய்டி கார்ட திருடிகினு வரலாம், வரலாற திருடிகினு வர முடியாதுன்னு சர்க்குலர் வுட்டுக்கீறாங்கோ. போன மாசமே குடுத்தாங்க. நீ பாக்கல?"

கம்பிக் கதவுக்கு உள்ளே பெனிஷா நின்றிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. பிடித்துக்கொள்ளப் பாவாடை நுனி இல்லாமல் தன் பாவாடையையே பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். அப்பாவைக் கண்டும் அவள் உதடு அசையவில்லை.

பாஸ்கலுக்கு ஒரு நிமிடம் சிரிப்புக்கூட வந்தது. இதை அவனிடமா கேட்பது? "அம்மா குந்தி வெங்காயம் உரிச்சுகினு இருந்தாங்கோ. மொறத்துல கீரை" என்று ஆரம்பித்தான்.

"தப்பு" என்றார் சின்னப்பையன்.

"யோவ், அது நா..." என்றவன் நிறுத்திக்கொண்டான். வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை நினைவுக்கு வந்தது. "கீரைதாண்ணா. நல்லா பாரு."

"கீரையும் இல்ல, வெங்காயமும் இல்ல. வெங்காயம் கண்ணுல தண்ணி வர வைக்கும்னு கமிட்டில எடுத்துட்டாங்கோ. கீரை ஒர்த்தருக்கு ஆவுது, ஒர்த்தருக்கு ஆவல. நீ யாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஓரமா நில்லு. ஆபீஸ் பூட்டிட்டாங்கோ, மேடம் வரட்டும்."

"அண்ணே, அது எம் பொண்ணு. மூஞ்சப் பாரு, அப்டியே என்னாட்டம் கீது. ஒத்தையில நின்னா பயந்துரும். யாராண்டையும் பேசாது."

"நா வுட்டா என் வேலை பூடும் தம்பி" என்றார் அவர். கழி இறங்கவில்லை. மழை வலுத்தது. பெனிஷாவின் சட்டை நனைந்து தோளில் ஒட்டிக்கொண்டது. பாஸ்கல் கம்பிக்குள் கையை விட்டான், எட்டவில்லை.

அப்போது பெனிஷா வலது கையால் சட்டையைப் பிடித்தாள். இடது கையால் பாவாடையைப் பிடித்தாள். வாட்ச்மேனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னை அவர்கள் ஏடு படித்துக்கொண்டிருந்தார்" என்றாள்.

தெருவில் போன ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். "ஏட்டின் ஒரு பக்கத்தில் சங்கின் உட்புறத்தைக் கண்டார். மறுபக்கத்தில் ஞான இலையைக் கண்டார். அவருடைய இரு புதல்வர்களும் இரு பக்கத்திலும் சமமாக அமர்ந்திருந்தனர். அப்போது ஒரு குரல் கேட்டது."

"யாரு குரலு?" என்று கேட்டார் சின்னப்பையன், பழக்கத்தில்.

"அத்தக் கேக்கக் கூடாது" என்றாள் பெனிஷா.

சின்னப்பையன் கழியை விலக்கினார். "சரி, இட்டுகினு போ."

பாஸ்கல் மகளைத் தூக்கிக்கொண்டான். கொஞ்ச தூரம் போன பிறகு பெனிஷா அவன் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நடுத்தெரு, சுற்றிலும் ஆள் நடமாட்டம். அவள் கவனிக்கவே இல்லை.

"அப்பா, நீ பொய் சொன்ன. மிஸ் சொல்லிக்கீறாங்க, வெங்காயம்னு சொல்றவங்கல்லாம் பொய்யி."

"ஆமாம்மா" என்றான் பாஸ்கல். "நா சொன்னது பொய்தான். நீ இன்னொரு தபா சொல்லு, சத்தமா."